மலையிறங்கிச் சென்னைக்குக் குடிபோகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் கோத்தகிரியிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் ஒரு பழைய ஆம்னி வேனில் வந்தோம். சாமான்கள் தனியாக லாரியில் வந்தன. அதன் பிறகு ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் எங்களுக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த வழியாகப் போவது நல்லது?

கோத்தகிரி, அரவேணு, குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம். அங்கிருந்து அன்னூர் வழியாக அவிநாசி போய் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் பெருந்துறை, பவானி, சங்ககிரி, சேலம் வரை நேர்சாலை. சேலத்தில் ஊருக்குள் போகாமல் புறவழிச்சாலையிலேயே ஆத்தூர் பக்கம் திரும்பி, தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை. பிறகு விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகவும் போகலாம். பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் வீடு பார்த்திருப்பவர்களுக்கு அதுதான் வசதி. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்றால் உளுந்தூர்பேட்டை வழிதான்.

குன்னூர்க்காரர்களுக்கு பர்லியார் வழி பக்கம். ஆனால் ஏப்ரல், மே சீசனில் போலீஸ் ஒருவழியாக்கிவிடுவார்கள்: ஏறுகிற வண்டிகள் பர்லியார், குன்னூர் வழியாக, இறங்குகிறவை கோத்தகிரி வழியாக. கிளம்புவதற்கு முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாமே, ஏன் இரண்டு நாள் என்கிறீர்கள்?

போகலாம். விடியற்காலையில் கிளம்பினால் இரவு ஏழெட்டு மணிக்குச் சேர்ந்துவிடுவீர்கள். ஆனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: புது வீட்டுக்கு இருட்டிய பிறகு போகாதீர்கள்.

நாங்கள் ஒரே நாளில் வந்தோம். செங்கல்பட்டு தாண்டும்போது மாலை ஆறு மணி. பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து வண்டலூர் வரை வண்டி நகரவே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது மணி ஒன்பதே முக்கால். மோட்டார் சுவிட்ச் எது என்று சொல்ல ஆளில்லை. மாடித்தொட்டியில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் கதவைத் தட்டலாமா கூடாதா என்று புரியவில்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது, அதனால் வாங்கி மாட்ட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. சின்னவன் தரையில் படுத்து, "அம்மா, ஜன்னலைத் திறந்துதான வெச்சிருக்கு, ஏன் காத்து வரல?" என்று கேட்டான். விடிய விடிய அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு இரவால் பிள்ளைகளுக்கு அந்த வீடு பிடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

எனவே சேலத்திலோ ஆத்தூரிலோ ஓர் இரவு தங்குங்கள். ஆத்தூர்தான் ஏறக்குறைய பாதி வழி. முதல் நாள் பனி விலகியதும் ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் மாலை நான்குக்குள் சேர்ந்துவிடலாம். மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்து மணிவாக்கில் தாம்பரம். பகல் வெளிச்சத்தில் கடை தெரியும், பிளம்பர் கிடைப்பார், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நிற்பார். லாட்ஜ் செலவு ஆயிரமோ இரண்டாயிரமோ, அதைப் பார்க்காதீர்கள்.

மலை இறங்குவதில் என்ன கவனிக்க வேண்டும்? நாங்கள்தான் தினமும் ஓட்டுகிறோமே?

தினமும் ஓட்டுவது காலி வண்டியில். அன்றைக்கு ஆளும் மூட்டையுமாக வண்டி நிறைந்திருக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

எங்கள் லாரி ஓட்டுநர் அரவேணுவிலேயே வண்டியை நிறுத்தி வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அண்ணா, எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அந்தக் கியர்லயே எறங்குங்க. வண்டியை இஞ்சின் புடிக்கட்டும்." இரண்டாவது கியரிலேயே வந்தோம். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வெளியூர் கார் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற வாடை. அந்த வீட்டுப் பையன் பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போனான். ஓட்டுநர் ஓடிப்போய்த் தடுத்தார். சூட்டில் இருக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், விரிசல்கூட விடும். அரைமணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தால் தானாக ஆறிவிடும், அதுதான் வைத்தியம்.

ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலை வழக்கம், மறக்க வேண்டாம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை இறங்கும்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தி சாய்ந்த பிறகு அந்தப் பாதை வேண்டவே வேண்டாம். மேட்டுப்பாளையம் வந்ததும் டயர் காற்று, ரேடியேட்டர் தண்ணீர் இரண்டையும் பாருங்கள். மலையில் ஏ.சி. போட்டே பழக்கமில்லாததால் அது ஓடுகிறதா என்றே நமக்குத் தெரியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காது அடைக்கிறது, வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?

காது அடைப்பது காற்றழுத்தம் கூடுவதால். மிட்டாய் சப்பச் சொல்லுங்கள், எச்சில் விழுங்க விழுங்கத் திறந்துகொள்ளும். கைக்குழந்தை என்றால் இறங்கும்போது பால் கொடுங்கள். வாந்திக்கு வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சாமான்களுக்கு எந்த லாரி? எங்கே பிடிப்பது?

மேட்டுப்பாளையத்தில் பேசுங்கள். நீலகிரிக் காய்கறிக்கு அங்கேதான் மண்டி, அதனால் லாரிக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி கிடைத்தால் ரிட்டர்ன் லோடு என்று குறைத்தே கேட்பார்கள். இரண்டு அறை வீட்டுச் சாமானுக்கு 14 அடி வண்டி போதும். எங்கள் தெரு மாதிரிக் குறுகலான ஏற்றமாக இருந்தால் லாரி வீட்டுக்கு வராது; குட்டி யானை என்கிற சின்ன லாரியில் இரண்டு நடை அடித்து மெயின் ரோட்டில் மாற்றி ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுங்கம் எல்லாம் வாடகைக்குள் வருமா, தனியா என்பதை முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டோம். தாம்பரத்தில் இறக்கும்போது பேசியதைவிட ஒன்றரை மடங்கு கேட்டார்கள், இரவு பத்து மணிக்கு யாரோடு வாதாடுவது?

தார்ப்பாய் இல்லாமல் வண்டி எடுக்க விடாதீர்கள். பிரிட்ஜை நிமிர்த்தியே கட்டச் சொல்லுங்கள், இறக்கியதும் மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். சென்னைக்குள் காலை, மாலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளை விடமாட்டார்கள், அதற்குத் தகுந்தபடி ஓட்டுநரோடு நேரம் பேசிவையுங்கள்.

எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது?

விட்டுவிட வேண்டியவை: ஹீட்டர், கரி அடுப்பு, கனமான கம்பளிகள், ஹைட்ரேஞ்சா, ஜெரேனியத் தொட்டிகள். செடிகளை எடுத்துப் போகவே போகாதீர்கள். அம்மா எட்டுத் தொட்டி ஏற்றினார். சென்னை வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஒவ்வொன்றாகக் கருகும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் அன்பாகப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். போகும்போதெல்லாம் போய்ப் பார்க்கலாம். ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று போதும், ஊருக்குப் போகும்போது போட. அதையும் நன்றாகக் காயவைத்து ரச கற்பூர உருண்டை போட்டு வையுங்கள், இங்கே ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும்.

புதிதாக வாங்க வேண்டியவை: மின்விசிறி, கொசுவலை, தண்ணீர் கேன் வைக்கிற ஸ்டாண்டு. இவற்றைச் சென்னையில் முன்கூட்டியே வாங்கி வீட்டில் போட்டுவிட்டுத்தான் குடும்பத்தை வரச்சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மலையில் இறுக்கி மூடிய டப்பாக்கள் கீழே வந்ததும் திறக்காது. அங்கே உள்ளே அடைபட்ட காற்று லேசானது. இங்கே வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வர்க்கி (நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்) போட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவைத் திறக்கக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. "புஸ்" என்று ஒரு சத்தம். அம்மா குனிந்து டப்பாவுக்குள் மூக்கை வைத்து, "நம்ம ஊர்க் காத்து" என்றார். வர்க்கியை அன்றைக்கே தின்றுவிடுங்கள், மறுநாளே நமுத்துவிடும்.

எந்த மாதம் கிளம்பலாம்?

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஜூன் திறப்புக்கு முன் போயாக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் மே மாதம் மலைப்பாதையில் சீசன் கூட்டம், கீழே அக்னி நட்சத்திரம். முடிந்தால் ஏப்ரல் கடைசியில், தேர்வு முடிந்த கையோடு இறங்கிவிடுங்கள். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் பொற்காலம். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழகும். அக்டோபர், நவம்பர் வேண்டாம். அப்போது நம் பாதையில் மண் சரியும், சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

வீடு எந்தப் பகுதியில் பார்ப்பது? தரைத்தளம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதே?

வீட்டை மழைக்காலத்தில் பாருங்கள், வெயில்காலத்தில் குடிபோங்கள். மலையில் தண்ணீர் சரிவில் ஓடிவிடும், அதனால் தேங்கும் என்கிற எண்ணமே நமக்கு வராது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் மாடி அளவுக்கு ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. தரைத்தளம் என்றால் வெளிச்சுவரைப் பாருங்கள். பழுப்பாக ஒரு கோடு தெரிந்தாலோ, இடுப்பளவு வரைக்கும் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலோ தெருவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லாததைக் கடைக்காரர் சொல்வார்.

முன்பணம் பற்றி: 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. நடைமுறையில் ஐந்து, ஆறு, பத்து மாதம் வரை கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைச் சொல்லி மரியாதையாகப் பேசிப் பாருங்கள், ஓரளவு இறங்குவார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வண்ணம் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

எனக்குத் தென்பக்கம்தான் பிடித்திருக்கிறது. தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு, நல்லது கெட்டதுக்கு ஊருக்குக் கிளம்ப நகரத்தைக் கடக்க வேண்டியதில்லை.

வேலை உறுதியாகவில்லை. குடும்பத்தோடு இறங்கிவிடலாமா?

வேண்டாம். பச்சைத் தேயிலை விலை கட்டாமல் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒருவர் முதலில் வந்து இரண்டு மாதச் சம்பளம் வாங்கட்டும். பெண்களுக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரியில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. ஆண்களுக்கு மேன்ஷனோ நண்பர் அறையோ. ஊர் வீட்டை அதற்குள் விற்காதீர்கள், வாடகைக்கும் விட்டுவிடாதீர்கள். ஒரு வருடமாவது பூட்டிச் சாவியை அண்ணன் தம்பியிடம் கொடுத்து வையுங்கள்.

அம்மா வரமாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி இது, நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிற கேள்வியும் இதுதான்.

என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்தவர். "சாமி, அங்க வந்து நான் என்ன பண்றது? ஜன்னலப் பாத்து உக்காந்திருக்கவா?" என்றார். நாங்கள் வசதிகளைச் சொன்னோம்: ஆஸ்பத்திரி பக்கம், லிப்ட் இருக்கிறது, டிவி பெரியது. அவர் கேட்டது வேறு, நாங்கள் சொன்னது வேறு. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அவருக்குக் கைக்கு வேலை வேண்டும், பேச ஆள் வேண்டும், திரும்பிப் போக ஒரு தேதி வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "எப்ப வேணாலும் போலாம்மா" என்று சொல்லாதீர்கள், அது அவர்கள் காதில் "எப்பவும் இல்லை" என்றுதான் விழும். தேதி சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு தடவை, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை, இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுவோம். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் சென்ட்ரலில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். முன்கூட்டியே எடுத்தால் கீழ்ப்படுக்கை கிடைக்கும்.

கைவேலைக்கு, நாங்கள் ஒரு மாடித்தோட்டம் போட்டோம். ஹைட்ரேஞ்சாவுக்குப் பதில் கத்தரி, வெண்டை, கீரை. மலையில் கேரட்டும் உருளையும் போட்டவருக்கு வெண்டைச் செடி விளையாட்டு மாதிரி. இப்போது அவரிடம் நாற்று வாங்க மாடிக்கு ஆட்கள் வருகிறார்கள்.

அப்படியும் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். தனியாக இருக்க முடிகிற உடம்பு என்றால் முதல் ஆறு மாதம் ஊரிலேயே இருக்கட்டும். நீங்கள் இங்கே வேரூன்றிய பிறகு ஒரு மாதம் விருந்தாளியாக வந்து பார்க்கட்டும்.

சமையலில் மாற்றம் ஏதாவது உண்டா?

உண்டு, நல்ல மாற்றம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அத்தனை நேரம் ஆகிறது. இங்கே சோறு சீக்கிரம் குழைந்துவிடும், முதல் வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். மாவு மலையில் ஒரு ராத்திரி முழுக்கக் கம்பளி போர்த்தினாலும் பொங்கத் தயங்கும். இங்கே ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தைவிட்டு வழியும். தயிருக்குப் பாதி உறை போதும். உறைந்ததும் பிரிட்ஜில் வைக்காவிட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும்.

என்னென்ன காகிதங்கள் மாற்ற வேண்டும்?

ஆதார் முகவரியை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். ரேஷன் கார்டில் முகவரி மாறும்வரை கைரேகை வைத்து இங்குள்ள கடையிலேயே வாங்கலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு அதற்கான சீட்டை வாங்கி, அதைக் காட்டி இங்கே இணைப்பு எடுக்கலாம். எல்லா அசல் காகிதங்களும் ஒரே பையில், அந்தப் பை காரில் உங்கள் காலடியில். லாரியில் வேண்டாம்.

நாங்கள் கூடலூர். மைசூர், பெங்களூர் வழியாகப் போகலாமா?

தாராளமாக. முதுமலை, பந்திப்பூர் வழி நல்ல சாலை. இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் காட்டுப்பாதை மூடப்பட்டிருக்கும், 2009-லிருந்தே இப்படித்தான். எனவே சாமான் லாரியையும் பகலிலேயே தாண்டவிடுங்கள்.

டி.என். 43 (நீலகிரிப் பதிவெண்) வண்டியை என்ன செய்வது? விற்றுவிட்டு இங்கே வேறு வாங்கலாமா?

ஒரே மாநிலம் என்பதால் எண் மாற்ற வேண்டியதில்லை, ஆர்.சி.யில் முகவரியை மட்டும் 30 நாளுக்குள் மாற்றிக்கொண்டால் போதும். விற்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், டி.என். 43-க்கு வேண்டாம். போன வருடம் ஆம்னி பழுதாகி, வீட்டுக்காரரின் நண்பர் காரில் ஊருக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் இணையத்தில் இ-பாஸ் போடும்போது "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கட்டம் வந்தது. பெரியவள் "சுற்றுலா" என்று தட்டப் போனாள். அம்மா பின்னாலிருந்து, "அது இல்ல கண்ணு, வேற இருக்கான்னு பாரு" என்றார். ஆம்னியை அடுத்த மாதமே சரிசெய்துவிட்டோம்.